ஆட்டிசம்: கண்ணுக்குப் பின்னால் நடப்பது

ஒரே பிள்ளையைப் பற்றி ஒரே வீட்டில் இரண்டு பேச்சு நடக்கும். "இவன் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. அலமாரியில் ஒரு பொருளை இரண்டு விரற்கடை நகர்த்தி வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவான்" என்பார் அம்மா. "எதிரில் போய் நின்று கூப்பிட்டாலும் என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறான்" என்பார் அத்தை. குழல் விளக்கைப் போட்டால் முகத்தைப் பொத்திக்கொள்ளும் அதே பிள்ளை, சுழலும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தபடி அரை மணி நேரம் நிற்பான். கண் மருத்துவரிடம் கூட்டிப் போனால், "பார்வையில் குறை ஒன்றும் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

மருத்துவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் முடிவுதான் தடம் மாறிவிடுகிறது. கண்ணில் குறை இல்லையென்றால், விளக்குக்கு முகம் சுளிப்பது அடம், கூப்பிட்டால் பார்க்காதது திமிர், விசிறியைப் பார்ப்பது வேண்டாத பழக்கம் என்று ஒரு தரப்பு தீர்ப்பு எழுதிவிடுகிறது. இன்னொரு தரப்பு எதிர்ப்பக்கம் ஓடுகிறது. ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் கழுகுக் கண், பாம்புச் செவி, அதனால்தான் உலகம் அவர்களுக்குத் தாங்கவில்லை என்று அது சொல்கிறது. இரண்டு தரப்புமே கண்ணோடும் காதோடும் நின்றுவிடுகின்றன. கண்ணுக்குப் பின்னால் மூளைக்குள் ஒரு பெரிய வேலை நடக்கிறது. வேறுபாட்டின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் தொடக்கத்திலிருந்தே அமையும் ஒரு வேறுபாடு. பழகும் முறை, பேச்சு, ஆர்வங்கள், புலன்கள் என்று பலவற்றிலும் அதன் சாயல் தெரியும். அது ஆளுக்கு ஆள் மாறியும் தெரியும். இங்கே புலன்களை மட்டும், அதிலும் முக்கியமாகப் பார்வையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

## கண் அனுப்புவது படம் அல்ல

கையை நேராக நீட்டி, கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஒரு கணத்தில் உங்கள் கண் தெள்ளத் தெளிவாகப் பார்க்கும் பரப்பு கிட்டத்தட்ட அவ்வளவுதான். விழித்திரையின் நடுவில் இருக்கும் ஒரு சின்னக் குழிதான் நுணுக்கங்களைப் பிடிக்கிறது. அதைச் சுற்றி விலக விலக எல்லாம் மங்கல். அதனால் கண் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை தாவித் தாவி வெவ்வேறு இடங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. இது போதாதென்று, பார்வை நரம்பு விழித்திரையைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது. காட்சியில் அங்கே ஓர் ஓட்டை இருக்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் மரியோட் என்ற பிரெஞ்சு அறிஞர் சோதித்துக் காட்டும்வரை, தன் கண்ணில் இப்படி ஓர் ஓட்டை இருப்பதை மனித குலம் கவனிக்கவே இல்லை.

மங்கலும் ஓட்டையும் தாவலுமாக வரும் இந்தச் சரக்கை வைத்துக்கொண்டு, அசையாத, முழுமையான, வண்ணமயமான ஓர் அறையை நாம் பார்க்கிறோம். தைத்துக் கொடுப்பது மூளை.

ஒரு செய்தித்தாள் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நிருபர்கள் நாள் முழுவதும் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். வந்ததையெல்லாம் அச்சிட முடியாது. செய்தி ஆசிரியர் உட்கார்ந்து, இது முதல் பக்கம், இது உள்பக்கம், இது குப்பைக்கூடை என்று பிரிக்கிறார். நாளை காலை வாசகர் கையில் கிடைப்பது நிருபர்கள் அனுப்பிய உலகம் அல்ல, ஆசிரியர் பிரித்துக் கொடுத்த உலகம். கண், காது, தோல் எல்லாம் நிருபர்கள். ஆசிரியர் மூளைக்குள் இருக்கிறார்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். கண்ணும் காதும் தகவலைப் பிடிப்பதைப் புலனறிதல் என்கிறோம். மூளை அந்தத் தகவலைத் தேர்ந்து, எடைபோட்டு, பொருள் கொடுப்பதைப் புலனுணர்வு என்கிறோம். கண் மருத்துவரின் எழுத்துப் பலகை பெரும்பாலும் முதலாவதைச் சோதிக்கிறது. அலுவலகத்தில் நிருபர் சரியாக இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வந்தாயிற்று. ஆசிரியரை இன்னும் யாரும் விசாரிக்கவில்லை.

## மூளை முந்திக்கொள்கிறது

இருட்டில் மாடிப்படி இறங்கும்போது, இன்னும் ஒரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்து, அங்கே தரை இருந்து, உடம்பு ஒரு குலுங்கு குலுங்குமே, அதை நினைத்துப் பாருங்கள். தரை உங்களை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் மூளை ஏற்கெனவே ஒரு படியை எதிர்பார்த்து, கால் தசைகளை அதற்கேற்பத் தயார் செய்து வைத்திருந்தது. நடந்தது எதிர்பார்த்ததோடு பொருந்தவில்லை. அந்தப் பொருந்தாமைதான் குலுக்கம்.

பார்வையிலும் இதுவே நடக்கிறது. எல்லாத் தகவலும் வந்து சேரட்டும், பிறகு என்னவென்று சொல்கிறேன் என்று மூளை காத்திருப்பதில்லை. பழைய அனுபவத்தை வைத்து, இது இன்னதாகத்தான் இருக்கும் என்று முன்பே ஊகித்துவிடுகிறது. அதற்கு முன்கணிப்பு என்று பெயர். இரவில் கதவில் தொங்கும் சட்டை ஒரு கணம் ஆளாகத் தெரிவது இந்த முன்கணிப்பின் வேலை. 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், பார்ப்பது என்பதே நாம் அறியாமல் செய்யும் ஒரு வகை ஊகம்தான் என்று வாதிட்டார். ஊகித்ததற்கும் வந்து சேர்ந்ததற்கும் உள்ள வித்தியாசம் கணிப்புப் பிழை. பிழை வந்தால் மூளை விழித்துக்கொள்கிறது. வராவிட்டால் அந்தத் தகவல் குப்பைக்கூடைக்குப் போகிறது.

விரலில் உள்ள மோதிரத்தை இந்த வரியைப் படிக்கும்வரை நீங்கள் உணர்ந்திருக்க மாட்டீர்கள். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் சில நிமிடங்களில் காணாமல் போகிறது. சத்தம் நிற்கவில்லை. இனி இதில் புதிது ஒன்றுமில்லை என்று மூளை முடிவு கட்டிவிட்டது. இதற்குப் பழக்கப்படுதல் என்று பெயர். "கொஞ்ச நேரம் இருந்தால் பழகிவிடும்" என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். அந்தப் பழகுதலை ஒரு கருவி செய்து கொடுக்கிறது என்பதும், அந்தக் கருவி எல்லோரிடமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதும் நமக்குத் தோன்றுவதில்லை.

இதுவரை வந்தது இவ்வளவுதான். கண் துண்டு துண்டாகத் தகவல் அனுப்புகிறது. மூளை அதை முன்கணிப்போடு ஒப்பிடுகிறது. பொருந்துவதை அமுக்குகிறது, பொருந்தாததை உயர்த்துகிறது. நாம் காண்பது அந்த ஒப்பீட்டின் முடிவு.

## மரமா, யானையா

மரத்தில் செதுக்கிய யானையைப் பார்க்கும் சிறுவனுக்கு யானை தெரியும். தச்சனுக்கு மரம் தெரியும், அதன் ரேகை தெரியும், உளி எங்கே தவறியது என்பதும் தெரியும். இருவர் கண்ணும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதிக்க ஓர் எளிய உத்தி வைத்திருக்கிறார்கள். 1977இல் டேவிட் நேவோன் பயன்படுத்திப் புகழ்பெற்ற உத்தி அது. தமிழில் சொல்வதென்றால், சின்னச் சின்ன 'க'க்களை அடுக்கிப் பெரிய 'ட' ஒன்றை வரைந்து காட்டுவதுபோல. என்ன தெரிகிறது என்று கேட்டால் பெரும்பாலானோருக்கு முதலில் 'ட'தான் வருகிறது. முழுமை முந்துகிறது, விவரம் பின்னால் வருகிறது.

ஆட்டிசம் உள்ளவர்களிடம் இந்த வரிசை வேறு மாதிரி இருக்கலாம் என்ற எண்ணம் லண்டனில் நடந்த ஆய்வுகளில் உருவானது. ஒரு பெரிய படத்துக்குள் ஒளிந்திருக்கும் சின்ன வடிவத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையில், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் எதிர்பார்த்ததைவிட நன்றாகச் செய்கிறார்கள் என்று 1983இல் அமிதா ஷாவும் உட்டா ஃப்ரித்தும் எழுதினார்கள். பெரிய படம் அந்தக் குழந்தைகளின் கண்ணை மறைக்கவில்லை. 1989இல் ஃப்ரித் இதற்கு ஒரு கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். பெரும்பாலோர் மனம் சிதறிய துண்டுகளைத் தானாகவே சேர்த்து ஒரு பொருளாக்கிவிடும், ஆட்டிசத்தில் அந்தச் சேர்க்கும் இழுவிசை குறைவு என்றார். மையப் பிணைப்புக் குறைவு என்று அதைச் சொல்லலாம்.

கோட்பாடு பரவியபோது அதன் கூர் மழுங்கிவிட்டது. "அவர்களால் முழுமையைப் பார்க்க முடியாது" என்று சுருக்கிவிட்டார்கள். இது தவறு. 2006இல் ஃப்ரித்தும் பிரான்செஸ்கா ஹாப்பேயும் எழுதிய கட்டுரையில், இதைக் குறைபாடு என்பதைவிட விவரத்தை நோக்கிச் சாயும் ஒரு மனப்பாங்கு என்றே திருத்திக்கொண்டார்கள். கனடாவின் லோரன்ட் மோட்ரான் குழு இன்னும் ஒரு படி மேலே போய், சேர்க்கும் வேலையில் குறை என்று ஏன் தொடங்க வேண்டும், விவரத்தைப் பார்க்கும் வேலை கூடுதல் பலத்தோடு நடக்கிறது என்று ஏன் சொல்லக்கூடாது என்று கேட்டது. 2013இல் வந்த ஓர் ஆய்வு இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி. விருப்பம்போல் பார்க்க விட்டபோது ஆட்டிசம் உள்ள குழந்தைகள் முழு வடிவத்தை மற்றவர்களைவிடக் குறைவாகவே தேர்ந்தார்கள். "பெரிய வடிவத்தைப் பார்" என்று சொன்னபோது மற்றக் குழந்தைகளுக்கு இணையாகப் பார்த்தார்கள். 'க'வா 'ட'வா என்பதில் அவர்கள் இயல்பாகச் சாயும் பக்கம் வேறு. மறுபக்கம் அவர்களுக்கு மூடியிருக்கவில்லை.

பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2015இல் வெளியான ஒரு மதிப்பீடு இதோடு இன்னொன்றையும் சேர்த்தது. விவரங்கள் குறுக்கிடும்போது முழுமையைப் பிடிக்க ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் கூடுதல் நேரம் ஆகிறது. இந்த நேரக் கணக்கை நாம் மறந்துவிடுகிறோம். ஒரு புது அறைக்குள் நுழைந்தவுடன் மற்றவர்களுக்கு முதலில் 'இது வரவேற்பறை' என்று தோன்றுகிறது, நாற்காலியின் கீறல் பிறகு தெரிந்தாலும் தெரியும். இன்னொருவருக்குக் கீறலும், திரைச்சீலையின் கோடுகளும், ஜன்னல் கண்ணாடியின் பளபளப்பும் முதலில் வந்து, அறை பின்னால் வந்து சேரும். அது வந்து சேர்வதற்குள் நாம், "வணக்கம் சொல், பெயர் சொல், எந்த வகுப்பு படிக்கிறாய் சொல்" என்று மூன்று கேள்விகளை வீசியிருப்போம்.

## எடைபோடும் கை

விவரம் ஏன் இவ்வளவு உரக்கப் பேசுகிறது? இதற்கான விளக்கங்களில் கடந்த சில ஆண்டுகளாக அதிகம் பேசப்படுவது, முன்பு பார்த்த முன்கணிப்பிலிருந்து தொடங்குகிறது. 2012இல் லிஸ் பெல்லிகானோவும் டேவிட் பர்ரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஆட்டிசத்தில் பழைய அனுபவத்திலிருந்து வரும் முன்கணிப்புக்கு எடை குறைவாக இருக்கலாம், அதனால் புலன்கள் அனுப்புவது தணிக்கை இல்லாமல் உள்ளே வருகிறது என்றார்கள். 2014இல் பெல்ஜியத்தின் சாண்டர் வான் டி க்ரூஸ் குழு அதையே மறுமுனையிலிருந்து பிடித்தது. முன்கணிப்பு இருக்கிறது, ஆனால் கணிப்புப் பிழைக்குக் கிடைக்கும் எடைதான் மிக அதிகம், அதுவும் இடத்துக்கேற்பத் தளர்வதில்லை என்றது.

மறுபடி செய்தி ஆசிரியரிடம் போவோம். பழுத்த ஆசிரியர், "மழை கொஞ்சம் தாமதம், இதெல்லாம் செய்தியா" என்று ஒதுக்கிவிடுவார். இன்னொரு ஆசிரியர் வந்ததில் எதையும் விடுவதில்லை. எதிர்பார்த்ததிலிருந்து ஒரு நூலளவு விலகினாலும் முதல் பக்கம். இவர் சோம்பேறி அல்ல, முட்டாளும் அல்ல. முதலாமவர் தவறவிட்ட எத்தனையோ செய்திகள் இவர் பத்திரிகையில் கிடைக்கும். ஆனால் இவருடைய முதல் பக்கத்தைத் தினமும் படிப்பவர் களைத்துப்போவார்.

இந்த விளக்கத்தை வைத்துப் பார்த்தால் தொடர்பில்லாததாகத் தோன்றிய பல விஷயங்கள் ஒரு கயிற்றில் வருகின்றன. விளக்கின் துடிப்பு ஒவ்வொரு முறையும் புதுச் செய்தியாக வந்தால் அது பின்னணிக்குப் போகாது. அலமாரியில் இரண்டு விரற்கடை நகர்ந்த பொருள் ஓர் அலாரம். தினமும் ஒரே வழியில் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது, பிழைகளின் எண்ணிக்கையைக் குறைக்க மூளை தேடிக்கொள்ளும் வழி. சுழலும் விசிறிக்கும் இங்கேதான் இடம். எவ்வளவு அசைந்தாலும் அடுத்த கணம் அது என்ன செய்யும் என்பது முழுக்க முழுக்கத் தெரிந்த பொருள், ஒரு மனித முகத்தைப் போல அல்ல.

பழக்கப்படுதல் பற்றிய மூளைப் படப்பிடிப்பு ஆய்வுகளும் இதே திசையில் போகின்றன. போக்குவரத்து இரைச்சலையும் உறுத்தும் கம்பளித் துணியையும் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், ஆட்டிசம் உள்ள இளையவர்களில் புலன் தொல்லை அதிகம் உள்ளவர்களின் மூளை அவற்றுக்குப் பழகிக்கொள்வதில் பின்தங்கியது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்கணிப்பு பற்றிய இவை கருதுகோள்கள். பாடப்புத்தகத்தில் முடிந்துபோன விஷயம்போல் இவற்றைச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். எடுத்துக்காட்டாக, முன்கணிப்பு பலவீனம் என்றால், ஒரே நீளமுள்ள கோடுகள் வெவ்வேறு நீளமாகத் தெரிவது போன்ற கண்மாயங்களில் ஏமாறுவது குறைய வேண்டும். 1996இல் ஹாப்பே செய்த ஆய்வில் அப்படித்தான் வந்தது. 1999இல் வேறு இருவர் வேறு முறையில் செய்தபோது, ஆட்டிசம் உள்ளவர்களும் மற்றவர்களைப் போலவே ஏமாந்தார்கள். எடை மாறுகிறது என்பது வலுவான ஊகம். எங்கே, எப்போது, எவ்வளவு மாறுகிறது என்பது இன்னும் திறந்த கேள்வி.

இந்தப் பகுதியைச் சுருக்கினால், ஆட்டிசத்தில் விவரம் முந்தி வருவதும், சிறு மாற்றமும் பெரிதாகத் தெரிவதும், பழகுவதற்கு நேரமாவதும் கண்ணின் கூர்மையால் அல்ல. வந்த தகவலுக்கு மூளை கொடுக்கும் எடை வேறு என்பதே இப்போதைக்கு வலுவான ஊகம்.

## கழுகுக் கண் எங்கிருந்து வந்தது

2009இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், ஆட்டிசம் உள்ளவர்களின் பார்வைக் கூர்மை சராசரியைவிட ஏறத்தாழ 2.8 மடங்கு என்றும், அது வேட்டைப் பறவைகளின் பார்வையை நெருங்குகிறது என்றும் எழுதினார்கள். இப்படி ஒரு செய்தி கிடைத்தால் பத்திரிகைகள் விடுமா? அதே ஆண்டே பார்வை நிபுணர்கள் இருவர் ஓர் எளிய கேள்வி கேட்டார்கள். அந்தச் சோதனையில் பயன்பட்ட திரையும், அதிலிருந்து ஆள் உட்கார்ந்திருந்த தூரமும் அவ்வளவு நுண்ணிய எழுத்தைக் காட்டவே போதாதே, இந்த எண் எப்படி வந்தது? பின்னர் சரியான கருவிகளோடு மற்றவர்கள் செய்த சோதனைகளில் வேறுபாடு கிடைக்கவில்லை.

திருத்தம் முதல் செய்தி அளவுக்குப் பயணம் செய்யவில்லை, திருத்தங்கள் எப்போதும் அப்படித்தான். உண்மையில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடையே மாறுகண்ணும், கண்ணாடி தேவைப்படும் பார்வைக் குறைகளும் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே காணப்படுகின்றன. "இவனுக்குக் கழுகுக் கண்" என்று நம்பிக் கண் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் நட்டம் பிள்ளைக்கு.

## ஒரே ஆளிடம் மிகையும் குறையும்

சாதாரணத் தூண்டல் தாங்க முடியாததாக இருப்பது மிகையுணர்வு. வலுவான தூண்டல்கூடப் பதியாமல் போவது குறையுணர்வு. ஒளி, அசைவு, அழுத்தம் போன்றவற்றைத் தானே தேடிப் போவது புலன் நாட்டம். ஆட்டிசம் என்றால் மிகையுணர்வு என்று ஒரு சமன்பாடு போட்டுவிட்டவர்களுக்கு, மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பது வியப்பாக இருக்கும். விளக்குக்குக் கண்ணை மூடுபவர், முழங்கால் சிராய்த்து ரத்தம் வருவதைக் கவனிக்காமல் விளையாடிக்கொண்டிருக்கலாம். காலையில் தாங்கிய வெளிச்சத்தை அவரே மாலையில் தாங்காமல் போகலாம்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1943இல் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் பற்றிய நவீன விவாதம் தொடங்குகிறது. லிப்ட், வேக்குவம் கிளீனர், ஓடும் தண்ணீர், ஏன், காற்றுகூட அந்தக் குழந்தைகளில் சிலரைக் கலங்க அடித்தது என்று அவர் குறித்திருக்கிறார். அதோடு, எந்தச் சத்தத்துக்கு அஞ்சுகிறதோ அதே அளவு சத்தத்தைத் தானே எழுப்பும்போது குழந்தை மகிழ்ச்சியாக இருக்கிறது என்றும் எழுதினார். சத்தத்தின் அளவு ஒன்றேதான். வித்தியாசம், அடுத்து என்ன வரும் என்பது யார் கையில் இருக்கிறது என்பதில். முன்கணிப்பு என்ற சொல் ஆட்டிச ஆராய்ச்சியில் புழங்குவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, கூர்ந்து பார்த்த ஒரு மருத்துவர் விஷயத்தின் வாசல்வரை வந்துவிட்டிருக்கிறார்.

இருந்தும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில், ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகப் புலன் மிகையும் குறையும் இடம்பிடித்தது 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான். 70 ஆண்டுகள். அதுவரை பெற்றோர் சொன்னதும், ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதும் பக்கக் குறிப்பாகவே கிடந்தன.

## விளக்கு, முகம், உதடு

அன்றாடத்தில் பார்வை சார்ந்த தொல்லைகள் எங்கே முளைக்கின்றன என்று பார்த்தால் மூன்று இடங்கள் முக்கியமாகத் தெரிகின்றன.

முதலாவது வெளிச்சம். பழைய வகைக் குழல் விளக்குகள் மின்னோட்டத்தின் வேகத்தைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் துடிக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் நொடிக்கு 100 முறை. பெரும்பாலோர் இதை உணர்வதில்லை. ஆட்டிசம் உள்ள பலர் இந்த விளக்குகளைப் பற்றித் திரும்பத் திரும்பப் புகார் சொல்கிறார்கள். மலிவான எல்இடி விளக்குகள் சிலவற்றிலும் இந்தத் துடிப்பு உண்டு. துடிப்பு மட்டுமே காரணமா, கூசும் வெண்மையும் சேர்ந்தா, விளக்கிலிருந்து வரும் ரீங்காரமும் சேர்ந்தா என்பது ஆளைப் பொறுத்தது. விளக்கை மாற்றிப் பார்ப்பதற்கு ஆராய்ச்சி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது முகம். நம்மைச் சுற்றியுள்ள பொருள்களில் மனித முகத்தைப்போல் ஓயாமல் மாறுவது வேறொன்றும் இல்லை. புருவம், கண், உதடு ஒவ்வொன்றும் ஒரு நொடிக்குள் வேறு வேறு சொல்கின்றன. கண்ணைப் பார்ப்பது எரிவதுபோல் இருக்கிறது என்று ஆட்டிசம் உள்ள சிலர் சொல்வதுண்டு. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், கண் பகுதியையே பார்க்கும்படி கட்டுப்படுத்தியபோது, உணர்ச்சி முகங்களுக்கு மூளையின் ஆழப் பகுதிகள் அவர்களிடம் இயல்பைவிட அதிகமாகக் கிளர்ந்தன. கண்ணைப் பார்க்காதது அக்கறையின்மை என்று நாம் படித்து வைத்திருக்கிறோம். பல நேரங்களில் உங்கள் பேச்சைக் கேட்பதற்காகவே அவர்கள் பார்வையை விலக்குகிறார்கள்.

மூன்றாவது, புலன்கள் ஒன்றோடொன்று சேரும் இடம். எதிரில் இருப்பவர் பேசும்போது உதட்டசைவும் ஒலியும் ஒரே நிகழ்ச்சி என்று மூளை கட்டிவைக்க வேண்டும். அதற்கு அவை எவ்வளவு நெருக்கமான நேரத்தில் வந்தன என்று பார்க்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம், பேச்சைப் பொறுத்தவரை, இந்த நேர வரம்பு அகலமாக இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எந்த ஒலி எந்த உதட்டைச் சேர்ந்தது என்ற கணக்கு தளர்கிறது. ஒருவர் பேசும்போது சமாளிக்கலாம், நால்வர் சேர்ந்து பேசினால் படமும் ஒலியும் பிரிந்த திரைப்படம்தான்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதையும் சொல்லாமல் விட்டால் கணக்கு ஒருதலையாகிவிடும். ஒரே நேரத்தில் எவ்வளவு தகவலை உள்ளே எடுக்க முடியும் என்பதைப் புலன் கொள்ளளவு என்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் இது கூடுதல் என்பதற்கு அன்னா ரெமிங்டனின் ஆய்வுகள் சான்று தருகின்றன. ஓர் ஆய்வில், பெண்கள் பேசுவதை மட்டும் கவனியுங்கள் என்று சொல்லி ஓர் ஒலிப்பதிவைப் போட்டார்கள். இடையில் ஒரு குரல், "நான் கொரில்லா" என்று சொல்லிக்கொண்டே போகும். மற்றவர்களில் மிகச் சிலரே அதைக் கேட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் கேட்டவர்கள் பல மடங்கு அதிகம். கவனம் சிதறுகிறது என்று பள்ளியில் குறை சொல்கிறார்களே, அதன் ஒரு பகுதி இந்தக் கூடுதல் கொள்ளளவாக இருக்கலாம். சரிபார்த்தல், தரக்கட்டுப்பாடு, நிரல்களில் பிழை தேடுதல் போன்ற வேலைகளில் அதே குணத்துக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

## வழிந்த பிறகு

தாங்கும் எல்லையைத் தாண்டியதும் வருவதை மெல்ட்டவுன் என்கிறார்கள். அழுகை, அலறல், ஓட்டம், தன்னைத் தானே அடித்துக்கொள்ளுதல் என்று எப்படியும் வெளிப்படலாம். சிலர் அதற்கு மாறாகப் பேச்சற்று உறைந்துபோவார்கள். வெளியில் பார்ப்பதற்கு மெல்ட்டவுன் அடம்போலவே இருக்கும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. அடம் பிடிக்கும் குழந்தை யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் கவனிக்கும், கேட்டது கிடைத்தால் நின்றுவிடும். மெல்ட்டவுனில் இருப்பவருக்குக் கேட்பதற்கு ஒன்றுமில்லை, கொடுத்து நிறுத்துவதற்கும் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் சமாதானப் பேச்சுகூட இன்னொரு சத்தம்தான். வெளிச்சத்தையும் ஆட்களையும் குறைத்துவிட்டு, காயம் படாமல் பார்த்துக்கொண்டு, காத்திருப்பதே உதவி.

கை உதறுதல், ஆடுதல், விரல்களைக் கண்ணருகே அசைத்துப் பார்த்தல் போன்ற ஸ்டிம்மிங் அசைவுகளையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இவை தானே எழுப்பி, தானே கட்டுப்படுத்தும் தூண்டல்கள், கேனர் பார்த்த குழந்தை தானே எழுப்பிய சத்தத்தைப் போல. தன்னைக் காயப்படுத்தாதவரை நிறுத்தச் சொல்வதில் பொருள் இல்லை.

## என்ன செய்து பார்க்கலாம்

முதலில் கண்ணையும் காதையும் முறையாகச் சோதித்துவிடுங்கள். பிறகு வெளிச்சம். குழல் விளக்குக்குப் பதில் மறைவான, மஞ்சள் சாயல் விளக்கு, ஜன்னலில் திரை, வெளியே போகும்போது முன்விளிம்புள்ள தொப்பி. செலவு குறைவு, பலன் சில நாட்களில் தெரிந்துவிடும். பள்ளியில் உட்காரும் இடத்தை மாற்றிக் கேட்பதும் அப்படியே. வண்ணக் கண்ணாடிகள் ஆட்டிசத்தின் புலன் பிரச்சினையைத் தீர்க்கும் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றுக்கான சான்று பலவீனமானது. கூசினால் சாதாரணக் கறுப்புக் கண்ணாடி போதும்.

"பழக்கினால் சரியாகிவிடும்" என்று கூச்சலுக்கு நடுவே பிடித்து நிறுத்துவதை மட்டும் செய்யாதீர்கள். பழகவைக்கும் கருவியே மெதுவாக ஓடுகிறது என்பதுதானே விஷயம். அதற்குப் பதிலாக அடுத்து வருவதை முன்கூட்டிச் சொல்லலாம். போகப்போகும் இடத்தின் புகைப்படத்தைக் காட்டலாம். மிக்ஸியைப் போடும் முன் "சத்தம் வரப்போகிறது" என்று சொல்லலாம், முடிந்தால் அந்தப் பொத்தானைப் பிள்ளையையே அழுத்த விடலாம். அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபி நிபுணர் உதவலாம். ஆனால் எந்தச் சிகிச்சையை எதற்காகச் செய்கிறார், எத்தனை வாரத்தில் எந்த மாற்றத்தை எதிர்பார்க்கிறார் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பேசக்கூடியவர் என்றால் அவரிடமே கேளுங்கள், "ஏன் இப்படிச் செய்தாய்" என்று அல்ல, "அங்கே எது தொல்லை" என்று. பேசாதவர் என்றால் ஒரு நோட்டில் இடத்தோடு நேரத்தையும், அதற்கு முந்தைய சில மணி நேரம் எப்படிப் போனது என்பதையும் குறித்துவாருங்கள். மாலை ஆறு மணிக்கு உடைந்த பிள்ளைக்குக் காரணம் அந்த ஆறு மணி விளக்காக இல்லாமல், பகல் முழுவதும் வகுப்பறையில் துடித்த விளக்காக இருக்கலாம்.